மேகம் இறங்கினால் கம்ப்யூட்டரில் மட்டும் நெட் போய்விடுகிறது (கோத்தகிரி)

பச்சையிலைக் கணக்கு, கோத்தகிரி
வியாழன் இரவு 10:05

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வீடு கட்டபெட்டு போகும் வழியில், சாலையிலிருந்து இறக்கத்தில் இருக்கிறது. எங்கள் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொடுத்த பச்சைத் தேயிலையின் எடைச் சீட்டுகளை ஏஜென்ட்கள் சாயங்காலம் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு 35 முதல் 50 சீட்டு வரும். அவற்றைத் தொழிற்சாலையின் இணையப் பக்கத்தில் இரவு எட்டரைக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றிய உடனே அந்தந்த வீட்டுக்கு எடை மெசேஜாகப் போகும். மெசேஜ் வரவில்லை என்றால் அந்த வீட்டில் தூக்கம் வராது. நாங்களும் முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான், அந்தக் கவலை எனக்குத் தெரியும்.

இப்போது பிரச்சினை. வீட்டில் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் முன் அறையில் இருக்கிறது. அங்கிருந்து ஜன்னல் ஓரமாக லேன் கேபிள் போய் உள் அறையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் சேர்கிறது. விண்டோஸ் 10, ஏழு வருடப் பழைய சிஸ்டம். அதில் வைஃபை கிடையாது. காலையிலும் மதியமும் எந்தக் குறையும் இல்லை. சாயங்காலம் ஆனால் திடீரென்று நெட் நின்றுவிடுகிறது. கீழே மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கும். அதே நேரத்தில் என் போனில் வைஃபை நன்றாக வேலை செய்கிறது, வீடியோகூட ஓடுகிறது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. சிஸ்டத்தை அணைத்துப் போட்டாலும், ரவுட்டரை அணைத்துப் போட்டாலும், கேபிளைக் கழற்றி மாட்டினாலும் வராது. மறுநாள் காலையில் சிஸ்டத்தைப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல வந்துவிடும்.

எடை எழுதிப் பழகிய கை என்பதால் போகும் நேரத்தையும் டைரியில் குறித்து வைத்தேன். இந்த வாரக் கணக்கு:

திங்கள் 6:10, வானம் வெளுப்பு.
செவ்வாய் 3:40, நல்ல மேகம், எதிர்வீடு தெரியவில்லை.
புதன் 6:05, வெளுப்பு.
வியாழன் (இன்று) 4:15, மேகமும் சாரலும்.

போன வாரமும் இதே மாதிரிதான். மேகம் இறங்கிய நாளில் சீக்கிரம் போகிறது, வெளுத்த நாளில் ஆறு மணியைத் தாண்டித்தான் போகிறது. ஈரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எங்கே ஈரம் இறங்குகிறது என்று தெரியவில்லை. ஐப்பசி மழை இன்னும் முழுதாகத் தொடங்கவே இல்லை. அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டும்.

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. நேற்று போனிலேயே ஏற்றி முடிக்க இரவு 11 ஆகிவிட்டது. வீட்டுக்குள் மொபைல் சிக்னலும் ஒரு கோடுதான்.

---

குன்னூர் கேபிள்காரன்
வியாழன் இரவு 10:50

அக்கா, முதலில் இன்றைக்கான வழி. உங்கள் போன் வைஃபையில் இருக்கட்டும். சார்ஜ் போடும் யுஎஸ்பி வயரால் போனை சிஸ்டத்தில் செருகுங்கள். போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்திலேயே யுஎஸ்பி டெதரிங் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். மொபைல் டேட்டா அணைந்தே இருக்கட்டும். வைஃபையில் வரும் நெட் போன் வழியாக சிஸ்டத்துக்குப் போகும். சிக்னல் ஒரு கோடு என்ற கவலை வேண்டாம். முதலில் சீட்டுகளை ஏற்றுங்கள்.

இப்போது காரணம். போனில் வைஃபை வருகிறது என்றால் ஃபைபரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ரவுட்டர் வரைக்கும் எல்லாம் சரி. ரவுட்டருக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில்தான் கோளாறு. நான் 14 வருடமாகக் குன்னூர், அரவேணு, கோத்தகிரி எல்லாம் லேன் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் கேபிள் கெடுவது பெரும்பாலும் நுனியில்தான். ஆர்ஜே45 ஜாக்கில் எட்டு பின் இருக்கிறது. அதன்மேல் பூசிய தங்கம் மெல்லிய பூச்சு. மட்டமான ஜாக்காக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் கறுத்துவிடும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்களில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அதுதான்.

இன்னொன்று, விலை குறைந்த கேபிள்களில் உள்ளே செம்பு இருக்காது. அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சுதான் இருக்கும். ஜன்னல் மூலையில் மடிந்த இடத்தில் அது விண்டு போகும். குளிரில் சுருங்கினால் தொடர்பு விடும், வெயிலில் விரிந்தால் ஒட்டும். காலையில் வருகிறது, மாலையில் போகிறது என்பதற்கு இது பொருந்துகிறது.

புதுக் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். ஜன்னல் வழியாக விடாமல் உள்சுவரில் ஆணியடித்துக் கொண்டுபோங்கள். எலி இருந்தால் பைப்புக்குள் விடுங்கள்.

---

கூடலூர் மிளகு
வெள்ளி காலை 7:15

எங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்தது, பார்த்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் கூகுள் முதற்கொண்டு எந்தப் பக்கமும் திறக்காது. பாதுகாப்பில்லாத இணைப்பு என்று சிவப்பாக வரும். கடைசியில் பார்த்தால் சிஸ்டத்தின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். இணையப் பக்கங்கள் காட்டும் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. நம் கடிகாரம் அதற்கு வெளியே நின்றால் பிரவுசர் நம்பாது. நெட் இருக்கும், ஆனால் நெட் இல்லாத மாதிரியே தெரியும். கீழே வலது மூலையில் தேதி சரியா என்று ஒரு தடவை பாருங்கள்.

---

பச்சையிலைக் கணக்கு, கோத்தகிரி
சனி இரவு 9:00

கூடலூர்க்காரருக்கு நன்றி, தேதி சரியாகவே இருக்கிறது. முக்கோணம் வருகிறது என்பதால் என்னுடையது வேறு என்று நினைக்கிறேன்.

குன்னூர் தம்பி, யுஎஸ்பி வழி சொன்னீர்களே, வெள்ளியன்று தேவைப்படவில்லை! வெள்ளி மதியமே கோத்தகிரி போய் முழுச் செம்புக் கேபிள் 15 மீட்டர், இரண்டு பக்கமும் ஜாக் அடித்து வாங்கி வந்தேன். பழைய ஜாக்கில் இரண்டு பின் கறுத்துத்தான் இருந்தது, நீங்கள் சொன்னபடியே. புதியதை உள்சுவர் வழியாகக் கொண்டுபோனேன். வெள்ளி சாயங்காலம் நெட் போகவில்லை. அன்று நல்ல மேகம், அப்படியும் போகவில்லை. இன்றும் போகவில்லை. 46 சீட்டை ஏழரைக்கே ஏற்றிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் தம்பி.

---

பச்சையிலைக் கணக்கு, கோத்தகிரி
திங்கள் இரவு 8:40

திரும்பவும் போய்விட்டது. இன்று 3:50-க்கு, மேகம் இறங்கிய பத்து நிமிடத்தில். புதுக் கேபிள்தான், கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. போனைச் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டேன், அது வந்தது. அதில்தான் சீட்டுகளை ஏற்றினேன். அந்த வழிக்காக எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இன்னொரு சோதனையும் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரி லேப்டாப் வைத்திருக்கிறாள். அவளை அழைத்து, என் சிஸ்டத்திலிருந்து கேபிளைப் பிடுங்கி அவள் லேப்டாப்பில் செருகினோம். அதில் நெட் வருகிறது! அதே கேபிள், அதே ரவுட்டர், அதே மேகம். என் சிஸ்டத்தில் செருகினால் முக்கோணம்.

அப்படியென்றால் என் சிஸ்டத்தின் லேன் போர்ட் ஈரத்தில் கெட்டுவிட்டதா? யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று இருக்கிறதாம், அதை வாங்கலாமா என்று கேட்கிறேன்.

---

ஊட்டி எக்ஸ்சேஞ்ச், ஓய்வு
திங்கள் இரவு 9:55

அம்மா, அடாப்டரை இப்போது வாங்காதீர்கள். வாங்கினால் ஒருவேளை வேலை செய்துவிடும், ஆனால் எதனால் செய்தது என்று தெரியாமல் போய்விடும். காரணம் தெரியாமல் சரியாகிவிட்ட பழுது திரும்பி வரும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 வருடம் வேலை பார்த்தவன், பெரும்பாலும் ஊட்டியிலும் குந்தா பக்கத்திலும். ஈரத்தோடுதான் எங்கள் பிழைப்பு. பழைய ஈயக் கேபிள்களுக்குள் காகிதம் சுற்றிய செம்புக் கம்பி இருக்கும். காகிதத்தில் தண்ணீர் ஏறக்கூடாது என்று உலர்ந்த காற்றை அழுத்தி நிரப்பி வைப்போம். எங்காவது ஓட்டை விழுந்தால் அழுத்தம் குறைவதை வைத்துக் கண்டுபிடிப்போம். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஈரம் மெல்ல வரும், மெல்லப் போகும். முதலில் இரைச்சல் கேட்கும், அப்புறம் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும், அப்புறம்தான் லைன் சாகும். காயும்போதும் அப்படியே திரும்பும். உங்கள் டைரியில் அப்படி இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நிமிடத்தில் நின்றது, காலையில் முழுதாக வந்தது. இது யாரோ சுவிட்ச் போட்டது போல இருக்கிறது. லேப்டாப்பில் வருகிறது என்று நீங்கள் கண்டுபிடித்தது மிகப் பெரிய விஷயம். அதோடு ஈரக் கணக்கை மூடிவிடலாம்.

அடுத்த தடவை நெட் போகும்போது இதைச் செய்யுங்கள். விண்டோஸ் பட்டனை அழுத்தி சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று தட்டி என்டர் கொடுங்கள். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழே வருவதை அப்படியே எழுதி இங்கே போடுங்கள். குறிப்பாக ஐபிவி4 முகவரி, டிஹெச்சிபி எனேபிள்டு என்ற வரியில் எஸ்ஸா நோவா, டீஃபால்ட் கேட்வே. மூன்றும் வேண்டும்.

அப்புறம் பிங் 127.0.0.1 என்று தட்டுங்கள். அது சிஸ்டம் தனக்குத்தானே கூப்பிட்டுப் பார்ப்பது. அதற்குப் பதில் வந்தால் பிங் 192.168.1.1, அது பெரும்பாலும் உங்கள் ரவுட்டர். அதற்கும் வந்தால் பிங் 8.8.8.8, அது வெளியுலகம். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதற்கு முந்தின படி வரைக்கும் வழி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் கம்பத்துக்குக் கம்பம் ஏறிச் சோதித்தது மாதிரிதான்.

இன்னொரு கேள்வி. புகார் வந்தால் எங்கள் சூப்பர்வைசர் முதலில் கேட்பது இதைத்தான்: என்றைக்கிலிருந்து, அன்றைக்கு அந்த வீட்டில் என்ன மாறியது? யோசித்துச் சொல்லுங்கள்.

---

பச்சையிலைக் கணக்கு, கோத்தகிரி
செவ்வாய் இரவு 7:20

ஐயா, வணக்கம். இன்று வெளுப்பு, 6:05-க்குப் போனது. நீங்கள் சொன்னபடி எழுதி வைத்தேன்.

127.0.0.1, பதில் வந்தது.
192.168.1.1, பதில் இல்லை.
8.8.8.8, பதில் இல்லை.

ஈதர்நெட்டின் கீழே டிஹெச்சிபி எனேபிள்டு: நோ. ஐபிவி4 முகவரி இரண்டு வரியில் இருக்கிறது. ஒன்றில் 169.254 என்று தொடங்கி ஏதோ எண். இன்னொன்றில் 192.168.1.10, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டூப்ளிகேட் என்று எழுதியிருக்கிறது. டீஃபால்ட் கேட்வே 192.168.1.1.

காலையில் நெட் இருக்கும்போதும் ஒரு தடவை பார்த்து வைத்திருந்தேன். அப்போது 192.168.1.10 மட்டும்தான் இருந்தது, அந்த டூப்ளிகேட் என்ற வார்த்தை இல்லை.

என்ன மாறியது என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்றும் மாற்றவில்லை. எதையும் புதிதாக ஏற்றவும் இல்லை.

---

பெருமாள்மலைப் பெண், கொடைக்கானல்
செவ்வாய் இரவு 8:00

அம்மா, அந்த டூப்ளிகேட் என்ற ஒரு வார்த்தைதான் விடை! உங்கள் சிஸ்டத்தில் எந்தப் பழுதும் இல்லை.

நான் நெட்வொர்க்கிங் படிக்கிறேன், ஒட்டன்சத்திரம் பக்கம் கல்லூரி. ஐயா சொன்ன சுவிட்ச் கதையைத்தான் இந்த வார்த்தையும் சொல்கிறது. வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். போனுக்கும் பக்கத்து வீட்டு லேப்டாப்புக்கும் ரவுட்டரே காலியான முகவரியைப் பார்த்துக் கொடுக்கிறது, அதைச் செய்வதுதான் டிஹெச்சிபி. உங்கள் சிஸ்டத்தில் அது நோ என்று இருக்கிறது. முன்பு யாரோ 192.168.1.10 என்று கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அந்த எண்ணில் வேறு யாரும் இல்லை, அதனால் தொந்தரவு இல்லை. இப்போது சாயங்காலம் ஆனால் உங்கள் வீட்டில் வேறு ஏதோ ஒரு கருவி விழித்துக்கொண்டு, நான்தான் 192.168.1.10 என்கிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? விண்டோஸ் அதைக் கவனித்து, அந்த முகவரியை விட்டுவிட்டு 169.254 என்று தற்காலிகமாக ஒன்றை வைத்துக்கொள்கிறது. அந்த முகவரியை வைத்து வெளியே போக முடியாது.

லேப்டாப்பில் நெட் வந்ததற்கும் இதுதான் காரணம். புது அடாப்டர் வாங்கியிருந்தாலும் வேலை செய்திருக்கும், அது ரவுட்டரிடம் வேறு எண் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும். போர்ட் கெட்டது என்றே கடைசிவரை நினைத்திருப்பீர்கள். ஐயா தடுத்தது நல்லதாகப் போயிற்று.

அந்தக் கருவி எது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே டிசிபிஐபி என்ற பெயரில் 4199 என்ற எண் உள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முகவரி மோதல் என்று சொல்லி, எதிராளியின் வன்பொருள் முகவரியை 12 எழுத்தாகக் காட்டும். அதில் முதல் ஆறு எழுத்து அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு உரியது.

ஐயா கேட்டதையே நானும் கேட்கிறேன். கம்ப்யூட்டரை விடுங்கள். வீட்டில் ரவுட்டரில் புதிதாக எதையாவது செருகினீர்களா? டிவி, இன்வெர்ட்டர், கேமரா?

---

பச்சையிலைக் கணக்கு, கோத்தகிரி
புதன் மதியம் 1:30

கேமரா! கேமராதான்.

முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் கைநடுக்கம் இன்னும் நிற்கவில்லை. போன மாதம் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்குக் கரடி வந்தது. கோத்தகிரியில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான், எண்ணெய் வாசனை பிடித்தால் கதவை உடைத்து உள்ளே வந்துவிடும். கோயில் விளக்கெண்ணெயைக்கூட விடாது. எங்கள் சமையலறைக் கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்து, எண்ணெய்க் கேனை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. விடியற்காலையில் இலை எடுக்கப் பெண்கள் அந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். அதனால் என் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, இரண்டு கேமராவும் பதிவுப் பெட்டியும் வைத்துக் கொடுத்தான். பெட்டி முன் அறைப் பரண்மேல் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வந்தபோது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் அத்தை என்று ஒரு வயர் கொண்டுவந்து பெட்டியை ரவுட்டரில் செருகிவிட்டுப் போனான். டைரியைப் புரட்டினேன். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள்தான் முதல் தடவையாக நெட் போயிருக்கிறது.

கேமராவைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. அது கரடிக்கு, இது கணக்குக்கு என்று மனசில் தனித்தனியாக இருந்தது.

சரி, சாயங்காலம் மட்டும் ஏன்? இன்று காலை பரணில் ஏறிப் பார்த்தேன். பரணில் பிளக் இல்லாததால் அந்தப் பெட்டிக்கு வாசல் விளக்கின் லைனிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறான். வாசல் விளக்கைப் போட்டால்தான் பெட்டி ஓடும். கரடி ராத்திரிதானே வரும், அதனால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. வாசல் விளக்கைப் போடுவது எப்போதும் என் வீட்டுக்காரர்தான். வெளுத்த நாளில் ஆறு மணிக்கு மேல் போடுவார். மேகம் இறங்கி எதிர்வீடு மறைந்துவிட்டால் மூணரை நாலுக்கே போட்டுவிடுவார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குப் படி தெரியட்டும் என்று. நான் மேகத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேகத்தைப் பார்த்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதுக் கேபிள் போட்ட வெள்ளியும் சனியும் நெட் ஏன் போகவில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த இரண்டு நாளும் அவர் கண் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். நான் சீட்டு ஏற்றும் அவசரத்தில் வாசல் விளக்கைப் போடவே இல்லை. குன்னூர் தம்பி, உங்கள் கேபிள்மேல் தப்பில்லை, கறுத்த பின் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

நம்பிக்கைக்காக இன்று பன்னிரண்டு மணி வெயிலில் சோதித்தேன். மேகத்தின் பொட்டுகூட இல்லை, ரங்கசாமி மலை துடைத்து வைத்தது போலத் தெரிந்தது. சிஸ்டத்தில் நெட் ஓடுகிறது. வாசலுக்குப் போய் விளக்கைப் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, முக்கோணம். விளக்கை அணைத்தேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், நெட் வந்தது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். அந்த 4199 பதிவும் இருக்கிறது, இதுவரை வரிசையாக எத்தனையோ.

192.168.1.10 என்று எழுதி வைத்தது நாலு வருடத்துக்கு முன்னால் பிரிண்டரை வைஃபையில் சேர்த்துக் கொடுக்க வந்த ஒரு மெக்கானிக் என்று நினைக்கிறேன். அந்தப் பிரிண்டர் இப்போது இல்லை. இனி நான் எதை மாற்ற வேண்டும்? சிஸ்டத்தையா, பெட்டியையா?

---

பெருமாள்மலைப் பெண், கொடைக்கானல்
புதன் மதியம் 2:10

அம்மா, வெயிலில் விளக்கைப் போட்டுப் பார்த்தீர்களே, எங்கள் லேபில் இதைவிட நல்ல சோதனையை நான் பார்த்ததில்லை.

இரண்டையும் மாற்றுங்கள், ஆனால் வேறு வேறு விதமாக. சிஸ்டத்தில் கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க், அடாப்டர் செட்டிங், ஈதர்நெட்டில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஐபி வெர்ஷன் 4. அங்கே முகவரியைத் தானாகப் பெறு என்பதையும் டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறு என்பதையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இன்று சாயங்கால வேலைக்கு இது போதும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நாளைக்கு ரவுட்டர் அதே 10-ஆம் எண்ணை உங்கள் வீட்டுக்காரர் போனுக்குக் கொடுக்கக்கூடும், பகலில் பெட்டி அணைந்திருப்பதால் அது காலி என்று நினைத்துக்கொள்ளும். சாயங்காலம் அவர் போன் மாட்டிக்கொள்ளும். சில பதிவுப் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே 192.168.1.10 என்று வைத்து அனுப்புகிறார்கள், நிறைய வீட்டில் இந்த மோதல் வருகிறது. அதனால் அண்ணன் மகனிடம் சொல்லி, பெட்டியின் நெட்வொர்க் மெனுவில் அதையும் டிஹெச்சிபிக்கு மாற்றச் சொல்லுங்கள். அல்லது ரவுட்டர் பக்கத்தில் முகவரி கொடுக்கும் வரிசையை 192.168.1.20-இலிருந்து தொடங்கும்படி வைத்துவிட்டால், பெட்டி 10-இலேயே நிம்மதியாக இருக்கும்.

பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். உங்கள் வாசலை நீங்கள் மட்டும் பார்க்க வேண்டும்.

---

ஊட்டி எக்ஸ்சேஞ்ச், ஓய்வு
புதன் மாலை 4:30

டைரி எழுதும் பழக்கத்தை விடாதீர்கள் அம்மா. நேரம் எழுதி வைத்த புகார்தாரர் என் 31 வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

ஒரு விண்ணப்பம். அந்தப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் விளக்கை அணைக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே கரண்ட் அறுந்துபோகிறது. அப்படியே விட்டால் டிஸ்க் கெட்டுவிடும், கரடி வந்த அன்றைக்குப் பதிவு இல்லாமல் போகும். விளக்கு லைனிலிருந்து எடுத்துவிட்டு எப்போதும் கரண்ட் உள்ள தனி பிளக் போடச் சொல்லுங்கள், வயரிங் தெரிந்தவரைக் கொண்டு. உங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும், சிறிய யுபிஎஸ் ஒன்று வைத்தால் ரவுட்டரும் பெட்டியும் இரண்டுமே பிழைக்கும்.

---

குன்னூர் கேபிள்காரன்
புதன் இரவு 8:15

அக்கா, இனி நான் வீடுகளுக்குப் போனால் ஜாக்கைப் பார்க்கும் முன்னால் ஐபிகான்ஃபிக் பார்ப்பேன். தனி பிளக் வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், சனிக்கிழமை அரவேணுவில் வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வந்து போட்டுத் தருகிறேன்.

---

பச்சையிலைக் கணக்கு, கோத்தகிரி
வியாழன் இரவு 8:05

இன்று 3:20-க்கே மேகம் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் விளக்கைப் போட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கோணம் வரவில்லை. 43 சீட்டு, மொத்தம் 1,216 கிலோ, 7:35-க்கு ஏற்றி முடித்தேன். எங்கள் வீட்டு எடை மெசேஜும் வந்துவிட்டது.

பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, அண்ணன் மகன் போனில் சொல்லச் சொல்ல நானே மாற்றினேன். பெட்டியின் முகவரியை ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றித் தருகிறான். அதுவரை பகலிலும் வாசல் விளக்கை அணைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், டிஸ்க்குக்காக.

தம்பி, சனிக்கிழமை வாருங்கள். கட்டபெட்டில் பஸ் இறங்கிப் போன் செய்தால் அவர் எதிரே வந்து கூட்டிவருவார். இருட்டினால் அந்த வழியில் தனியாக இறங்க வேண்டாம், நேற்று இரவு 2:10-க்கு அது மறுபடி வந்து வாசல் படியில் நின்றிருக்கிறது, கேமராவில் தெளிவாக இருக்கிறது.